மைனஸ் ஐந்தரை

ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் கரண்ட் போய் நாலாம் நாள் காலையில் வந்தபோது, ஃபேன் சுற்றியது, மோட்டார் ஓடியது, பால்காரர் வீட்டு டி.வி. முழுச் சத்தத்தில் கத்தியது, அவற்றோடு சேர்ந்து எங்கள் சந்தில் செத்துப்போனவர்களின் சத்தங்களும் திரும்பி வந்துவிட்டன. ஆள் வரவில்லை, பேச்சு வரவில்லை. ஒரு மனுஷர் உயிரோடு இருக்கும்போது தன்னை அறியாமல் போட்டுக்கொண்டே இருப்பாரே சின்னச் சின்னச் சத்தங்கள், அவை மட்டும் வந்தன. ரயில்வேயில் கார்டாக இருந்து போன ராயப்பன் காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் காறிக் காறி வாய் கொப்பளித்தார். முறுக்குக் கடை வீட்டில், கண்ணை மூடி ஏழு வருஷம் ஆன கடைக்காரரின் அம்மா உலக்கைக் குச்சியால் வெற்றிலை இடித்தார். என் வீட்டில் என் வீட்டுக்காரர், டீ கேட்பதற்கு முன்னால் எப்போதும் செய்வாரே, அதே மாதிரி பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்தார். சாயங்காலம் நாலு பத்துக்கு மாடிவீட்டு ஜெனிட்டா, ஒன்பது வயசுக்காரி, டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் குலுங்கக் குலுங்கப் பதினாலு படியையும் ஏறிக் கதவு வரை வந்து நின்றாள். அந்தப் பிள்ளை ஆடி மாதம்தான் டெங்குக் காய்ச்சலில் போயிருந்தது.

நான் செண்பகவல்லி. திருச்சி பாலக்கரைப் பக்கம் செக்கடிச் சந்தில், அந்த மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருப்பவள். படியில் யார் ஏறினாலும் என் தலைக்கு மேலேதான் ஏற வேண்டும். அதனால் அன்றைக்கு முதலில் கேட்டவள் நான்தான். ஊசி என் விரலில் ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பயந்தோமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? வீடெல்லாம் ஈரம், துணி காயவில்லை, பிள்ளைகளுக்குச் சளி, இதற்கு நடுவில் ஒரு கிழவர் வாய் கொப்பளித்தால் கொப்பளித்துவிட்டுப் போகட்டும், நாற்பது வருஷம் கேட்ட சத்தம்தானே என்று இருந்துவிட்டோம். ஒரு வாரம் அழுதோம், ஒரு வாரம் சிரித்தோம், மூன்றாவது வாரம் எரிச்சல் வந்தது. செத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தலைவலி கிடையாது, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்ற விவஸ்தை கிடையாது. ராயப்பன் பெண்டாட்டி லூர்துமேரி தூக்கமில்லாமல் கண் இடுங்கிப்போய் என் கடையில் வந்து உட்கார்ந்து, "அந்த மனுஷன் இருந்தப்பவே சொல்லிப் பாத்தேன், கேக்கல. இப்ப எங்க போயி சொல்றது?" என்றாள்.

வழி சொன்னவர் இன்னாசி. ஜெனிட்டாவின் அப்பா. மாடி முன்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ரிக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். மாதா கோயில் பாட்டு, மாரியம்மன் கோயில் திருவிழா அறிவிப்பு, ஆட்டோவில் கட்டிக் கத்துகிற ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். மெட்ராஸில் ஒரு பெரிய ஸ்டுடியோவைக் கலைத்தபோது வாங்கிவந்த ஈக்வலைஸர் ஒன்று அவரிடம் இருந்தது. இரும்புப் பெட்டி, தூக்க இரண்டு ஆள் வேண்டும், முகத்தில் ஏழு திருகு. இடது கோடித் திருகு உருமலுக்கு, வலது கோடித் திருகு கிணுகிணுப்புக்கு, நடுவில் மனுஷக் குரலுக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு ரகச் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். கூட்டினால் ப்ளஸ் பதினைந்து வரை, குறைத்தால் மைனஸ் பதினைந்து வரை.

ஒருநாள் விடியற்காலையில் திருப்பலிப் பாட்டு பதிவு நடக்கும்போது மைக்கில் ராயப்பனின் கொப்பளிப்பு புகுந்துவிட்டது. இன்னாசி பாட்டிலிருந்து அதை நீக்கப் பார்த்து மூன்றாவது திருகைக் குறைத்தார். பதிவில் குறைந்தது, குழாயடியிலும் குறைந்துவிட்டது. லூர்துமேரி ஓடிவந்து மாடியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. சத்தம் வருகிற நேரத்தில் மாடியிலிருந்து அந்த வீட்டுக்கு ஒயர் இழுத்து மைக்கைப் பிடித்து, பெட்டி வழியாக விட்டு, ஒரு அளவில் வைத்துப் பதிந்துவிட்டால் மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அந்த அளவுதான். மாற்ற வேண்டுமானால் மறுபடி வரவேண்டும். மறுபடி வரும்போது அந்தச் சத்தம் தன் பழைய முழு உயரத்திலிருந்துதான் தொடங்கும், குறைத்ததற்கு மேல் குறைக்க முடியாது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவதாகப் போனவள் நான். மனசில் ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் இருந்தபோதே அந்தச் சொடக்குச் சத்தம் எனக்கு ஆகாது. "கொஞ்சமாக் குறைச்சு வை தம்பி" என்றேன். இன்னாசி திருகைத் தொட்டார், தொட்டதுதான், கடகடவென்று அடியாழம் வரை போய்விட்டது. பழைய திருகு, உள்ளே கரி தேய்ந்து போயிருந்தது, ஒரு மயிரிழை நகர்த்தினால் நாலைந்து அளவு தாவும். மறுநாள் சாயங்காலம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. போகட்டும் என்றேன். என் கை பாட்டுக்கு இரண்டு டம்ளரில் டீ ஊற்றியிருந்தது. மூன்று நாள் அழுதேன், நாலாம் நாள் எழுந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்தேன். மறுபடி வந்து சரியாக வைக்கிறேன் என்று இன்னாசி எத்தனையோ முறை சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எல்லோரும் என்னைப்போல் இல்லை. முறுக்குக் கடைக்காரர் தன் அம்மாவின் சத்தத்தைச் சற்றே கூட்டக் கேட்கப்போய், திருகு மேல்பக்கம் தாவி, கிழவி இடித்த இடியில் அலமாரித் தட்டெல்லாம் கீழே விழுந்தது. லூர்துமேரிக்கோ, மறுபடி மறுபடி வந்து வைத்ததில், ஒருநாள் கணவர் இடி இடிப்பார், ஒருநாள் காணாமல் போய்விடுவார். "எனக்கு அவரு பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்" என்று அழுதாள். அப்போதுதான் இன்னாசி பெட்டியைப் பிரித்தார்.

மார்கழி முழுக்க அவர் வேலை செய்தார். திருகுகளுக்கு உள்ளே இருந்த ஏழு பழைய கன்ட்ரோலையும் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கிற சுவிட்ச் வைத்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரெஸிஸ்டர், மீட்டரில் அளந்து, சரியில்லாததை ஒதுக்கி, சரியானதைச் சால்டர் வைத்தார். திருகினால் இப்போது டக், டக் என்று நிற்கும். ஒரு டக்குக்கு அரை அளவு. காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மாற்றம், அவ்வளவுதான். நான் கேட்டேன், "அப்ப பதினைஞ்சு வரைக்கும் போறதுக்கு எத்தனை டக்கு?"

"போகாதுக்கா. மேல பதினோரு கட்டம், கீழ பதினோரு கட்டம், சுவிட்சுல அவ்வளவுதான் இடம். அஞ்சரையோட நின்னுரும்."

"அது என்ன கணக்கு?"

"படி மாதிரிதான். பதினோரு படிதான் கட்ட முடியும்னு வைங்க. படியத் தாழ்வாக் கட்டினா முட்டி வலிக்காது. ஆனா மாடிக்குப் போயிச் சேராது."

சொல்லிவிட்டு, கழற்றிய ஏழு கன்ட்ரோலையும் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "உங்க பட்டன் டப்பாவுல போட்டு வைங்கக்கா. பிலோமிகிட்ட தூரப் போட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன்." பெண்டாட்டியிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். லூர்துமேரிக்காகப் பெட்டியைப் பிரித்தார் என்று சந்தே நம்பியது, நானும் நம்புவதாக வைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் சந்து புது வழக்கத்துக்குப் பழகிவிட்டது. கண்டால் சௌக்கியமா என்று கேட்பதுபோய், "உங்க மாமியார் எத்தனையில இருக்காங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மைனஸ் இரண்டரை என்றால் நல்ல மருமகள், மைனஸ் நாலு என்றால் கொஞ்சம் அப்படி இப்படி, மைனஸ் ஐந்தரை என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் நகை பேசுவதற்கு முன்னால் வீட்டில் யார் யார் சத்தம் இருக்கிறது என்று விசாரித்தார்கள். நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள், அப்பாவின் செருப்புச் சத்தம் யார் சொன்ன அளவில் இருப்பது என்று ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். இன்னாசி மைனஸ் ஒன்றில் வைத்துவிட்டு இரண்டு பேரிடமும் தனித்தனியாக, "நீங்க சொன்னதுதான்" என்று சொல்லி முடித்துவைத்தார். கவுன்சிலர் ஒருவர் எலெக்‌ஷன் நேரத்தில் தன் அப்பாவின் இருமலை ப்ளஸ் ஐந்தரைக்கு ஏற்றச் சொன்னார், அந்த இருமலுக்கு இந்த வார்டில் மரியாதை உண்டாம். செத்தவருக்கு வருஷம் திரும்புகிற நாளில் மட்டும் எந்த வீட்டுச் சத்தத்தையும் ஒருநாள் கூட்டாமல் குறைக்காமல் சைபரில் வைப்பது, அன்றைக்கு அக்கம்பக்கத்தில் யாரும் மிக்ஸி போடாமல் இருப்பது என்று ஒரு முறையும் வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது, எல்லோரும் கடைப்பிடித்தோம்.

மாடிவீடு மட்டும்தான் பழகவில்லை.

ஜெனிட்டாவின் அம்மா பிலோமினா முதல் நாள் ஸ்பூன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படி காலியாக இருந்தது. மறுநாளும் திறந்தாள். அந்தப் பிள்ளை ஏழாவது படியைத் தாண்டிக் குதித்து எட்டாவதில் கால் வைக்கும், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அந்த இடத்தில் ஸ்பூன் ஒரு முறை 'ணங்' என்று டப்பா மூடியில் அடிக்கும். அந்த 'ணங்' கேட்டதும் மேலே பிலோமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு தாழ்ப்பாள். பிறகு ஒன்றுமில்லை. பள்ளிக்கூட நாள், லீவு நாள், கிறிஸ்துமஸ் நாள், எல்லா நாளும்.

இன்னாசி மாதம் ஒரு அரை குறைத்தார். ஒரே நாளில் குறைத்தால் அவள் தாங்கமாட்டாள், தெரியாமல் தெரியாமல் குறைத்துக்கொண்டே போனால் ஒருநாள் தானாக மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். நல்ல மனசுக்காரர் போட்ட தப்புக் கணக்கு அது. சத்தம் ஒரு அரை இறங்கியதும் பிலோமி சாயங்காலம் ஃபேனை நிறுத்தினாள். அடுத்த அரைக்கு ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினாள். அதற்கடுத்த அரைக்கு மூன்று மணிக்கு மேல் பேசுவதை விட்டாள். என்னிடம் வந்து, "அக்கா, நாலு மணிக்கு மிஷின் மட்டும் ஓட்டாதீங்க" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள், நானும் ஓட்டவில்லை. பிள்ளையின் சத்தம் இறங்க இறங்க வீடே அதைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இன்னாசி தோள்பையில் ஸ்க்ரூடிரைவரும் ப்ளையரும் குலுங்க வீடு வீடாகப் போய் அளவு வைத்துவிட்டுத் திரும்பி வருவார், படி ஏறுவார், தட்டுவார், கதவு திறக்காது, பாக்கெட்டில் சாவியைத் தேடித் தானே திறந்துகொண்டு உள்ளே போவார். பிலோமிக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவளுக்கு அது காதில் விழவே இல்லை.

பதினோரு மாதம் கழித்து மார்கழியில் ஜெனிட்டா மைனஸ் ஐந்தரைக்கு வந்து சேர்ந்தாள். சுவிட்ச் அதற்கு மேல் போகவில்லை.

அந்தத் தை மாதம் பிலோமி என் கடைக்கு வந்தாள். வெட்டுத் துண்டுகளை எடுத்து மடித்து மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல மட்டும் எப்படி ஒரே திருகுல போச்சு?"

"அது பழைய கன்ட்ரோலும்மா."

"அது எங்க இருக்கு?"

பட்டன் டப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. "எனக்கென்ன தெரியும்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக வருகிறது.

மாசியில் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. நாலு மணிக்குத் தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்து ஐந்து வரை விடவில்லை. படிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த எனக்கே அன்றைக்கு ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு மெலிந்து போயிருந்தது, மழை அதை அப்படியே விழுங்கிவிட்டது. ஐந்து மணிக்குப் பிலோமி செருப்பில்லாமல், குடை இல்லாமல் இறங்கி வந்தாள். கையில் மட்டும் ஒரு துண்டு வைத்திருந்தாள்.

"அக்கா, இன்னும் வரலக்கா. நாலு பத்துக்கெல்லாம் வந்துருவா. மழைக்கு எங்கயாவது ஒதுங்கி நிக்கிறாளா? நீங்க பாத்தீங்களா?"

சந்து முனை வரை போனாள். பெட்டிக்கடைப் பந்தலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். மழைக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லூர்துமேரிதான் போய் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். பட்டன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன்.

இன்னாசி உள்ளே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிலோமி தலையைத் துவட்டாமல் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். நான் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"அக்கா, உங்கள நம்பித்தானே குடுத்தேன்" என்றார் இன்னாசி.

"நம்பித்தான் குடுத்தே தம்பி. நான் வாங்கியிருக்கக் கூடாது."

பிலோமி பொட்டலத்தைப் பிரித்து ஏழையும் எண்ணினாள். "தூரப் போட்டுட்டேன்னு சொன்னீங்க" என்றாள். அவள் கத்தவில்லை, அழவில்லை, விலாசம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்: "கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா எனக்கு வலிக்காதுன்னு நெனச்சீங்க. ஒவ்வொரு மாசமும் நீங்க மைக்க வைக்கிறப்ப அவ முழுசா ஏறி வர்றா. அன்னைக்குப் போன மாதிரியே முழுசா வந்து, அப்புறம் எங்கிட்டருந்து போறா. பதினோரு தடவ பாத்துட்டேங்க. ஒரு தடவதான் செத்தா. நீங்க பதினோரு தடவ ஆக்கிட்டீங்க."

இன்னாசி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகத்தான் குரல் வந்தது. "அவ ஒரேயடியாப் போயிட்டா, அப்புறம் நான் யாருக்கு அப்பா, பிலோமி?"

"அவளுக்குத்தான்" என்றாள். "சத்தம் இல்லேன்னா அவளுக்கு இல்லேன்னு ஆயிருமா?"

மறுநாள் காலையில் அவர் பெட்டியைப் பிரித்தார். ஏழில் ஒன்றை மட்டும், கிணுகிணுப்புக்கு உள்ள திருகை மட்டும் கழற்றிவிட்டு, கரி தேய்ந்த பழையதை அந்த இடத்தில் வைத்துச் சால்டர் வைத்தார். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார். மூன்றரைக்குப் பெட்டியை நாங்கள் மூன்று பேரும் தூக்கிவந்து மாடி வாசலில் வைத்தோம். மைக்கைப் படிக்கு மேல் கட்டினார். சந்தில் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் நாலு மணிக்கு மிக்ஸி நின்றது, முறுக்கு பிழிகிற சத்தம் நின்றது, குழாயை யாரோ இறுக்கி மூடினார்கள்.

நாலு பத்துக்கு ஸ்பூன் வந்தது. மைக் வைத்திருந்ததால் முழுசாக வந்தது, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எப்படி வந்ததோ அப்படி, முதல் படி, இரண்டாவது படி, புத்தகப்பையின் பக்கிள் இடிப்பதுகூடக் கேட்டது. இன்னாசியின் கை திருகின் மேல் இருந்தது. ஐந்தாவது படி. ஆறாவது படி. கை நகரவில்லை. பிலோமி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். ஏழாவதைத் தாண்டிக் குதித்து 'ணங்' என்று எட்டாவதில் வந்து விழுந்தாள் ஜெனிட்டா. ஒன்பது. பிலோமி அந்தச் சத்தத்தைப் பார்த்து, ஆமாம், பார்த்துத்தான், "மெதுவா வாடி தங்கம்" என்றாள். பத்தாவது படியில் திருகினாள். கர்ரென்று ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். மிச்சம் நாலு படியும் வெறுமனே கிடந்தன. கதவு வரை அந்தப் பிள்ளை வரவேயில்லை.

நான் இறங்கி வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்கு உரிமையில்லை.

மறுநாள் நாலு பத்துக்குச் சந்தே சும்மா இருந்தது. ஒன்றும் ஏறவில்லை. மேலே நாற்காலியும் நகரவில்லை, தாழ்ப்பாள் சத்தமும் கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை மறுபடி ஆரம்பித்தார்கள், எனக்கு மட்டும் கை வரவில்லை. அஞ்சு மணி வாக்கில் இன்னாசி எங்கோ ஒரு வீட்டில் அளவு வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு படி ஏறினார். தோள்பையில் ஸ்க்ரூடிரைவரும் ப்ளையரும் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்கின. ஒன்று, இரண்டு, மூன்று என்று என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலாவது படியில் நின்று வழக்கம்போலப் பாக்கெட்டில் சாவியைத் தேடினார்.

அவர் தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது.

"உங்க பையா இவ்வளவு சத்தம் போடுது?" என்று பிலோமி கேட்டாள். "எப்பருந்து?"

"ரொம்ப நாளா இதே பைதான்" என்றார் இன்னாசி.

"எனக்குக் கேக்கவே இல்லைங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் அழுகிற சத்தம் வந்தது, முதலில் அவர், பிறகு அவள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து. பிள்ளை போன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து அழுது நான் கேட்டதில்லை. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலுக்கு வருவது தெரிந்தது. தைக்க அப்போது என்னிடம் ஒரு துணியும் இல்லை. ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. ஆனாலும் நான் மிஷினில் இரண்டு காலையும் வைத்து, வெளியே வேறெதுவும் கேட்காதபடிக்கு, விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன்.